நாற்பத்தோராம் வரி

அரிசியை மூன்றாம் தண்ணீரில் கழுவியபடியே அருமைநாயகி ஒன்பதுகளைத் தள்ளிக்கொண்டிருந்தாள். குசினி வாசற்படியில் கொப்பி விரித்துக் கிடந்தது. காற்றுக்குத் தாள் புரளாமல் இருக்க ஒரு பாதித் தேங்காயை அதன் ஓரத்தில் கவிழ்த்து வைத்திருந்தாள். ஒரு வரியில் பத்தொன்பது இலக்கங்கள். ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போய், ஒன்பது சேரும்போதெல்லாம் அதை விட்டெறிந்து, கடைசியில் கையில் என்ன மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். பெருக்கிய கணக்குச் சரியா பிழையா என்று சட்டென்று பார்க்க, கன்னியாஸ்திரிமார் நாலாம் வகுப்பில் சொல்லித்தந்த வழி. நாற்பத்து நாலு வயதில், அடுப்புக்கும் கிணற்றுக்கும் நடுவில், அது இவ்வளவுக்குத் தேவைப்படும் என்று அவள் நினைத்ததில்லை.

"என்ன, சரியோ?" விறாந்தையிலிருந்து அடைக்கலநாதன் கேட்டார்.

"பொறுங்கோ. உலையை வைச்சிட்டுச் சொல்லுறன்."

பழைய வரிக்கு ஐந்து மிச்சம். ஐயைந்து இருபத்தைந்து, அதில் இரண்டு போனால் இருபத்து மூன்று, அதற்கும் மிச்சம் ஐந்துதான். அதிலிருந்து ஈவின் மிச்சத்தைக் கழித்தாள். புதிய வரிக்கு ஏழு வர வேண்டும். ஏழு வந்தது. பிறகு பதினொன்றாலும் ஒருதரம் பார்த்தாள். அதுவும் பொருந்தியது. "சரிதான்," என்றாள். நாற்பதாவது வரி முடிந்தது. அவர் பேனையை மூடிச் சட்டைப்பையில் செருகிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். இருவருக்கும் அதில் பெரிய சந்தோசம் ஒன்றும் இருக்கவில்லை. ஒரு பெரிய வயலில் ஒரு பாத்திக்குத் தண்ணீர் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

கணக்கு இதுதான். இரண்டை அறுபத்தொரு தரம் எழுதி எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பெருக்கி, வருவதில் ஒன்றைக் குறைக்க வேண்டும். 2305843009213693951. அந்த எண்ணை வேறெந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுக்க முடியுமா, முடியாதா? முடியாது என்றால் அது முதன்மை எண். ஒவ்வொரு எண்ணாக வகுத்துப் பார்ப்பதென்றால் பத்துத் தலைமுறை வேண்டும். ஆனால் ஒரு குறுக்கு வழி உண்டு. நாலில் தொடங்கி, அதை அதாலேயே பெருக்கி இரண்டைக் கழிக்க வேண்டும். பதினாலு. அதையும் அப்படியே செய்தால் நூற்றுத் தொண்ணூற்று நாலு. பிறகு 37634. ஆறாவது தரத்திலிருந்து விடை அந்தப் பெரிய எண்ணையும் தாண்டிவிடும். அப்போது பெரிய எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி பெருக்க வேண்டும். இப்படி ஐம்பத்தொன்பது தரம். ஐம்பத்தொன்பதாவது வரியில் பூச்சியம் வந்தால் அந்த எண் முதன்மை எண். இடையில் எங்காவது ஒரு இலக்கம் தவறினால், பிறகு எவ்வளவு கவனமாகச் செய்தாலும் பூச்சியம் வராது.

அடைக்கலநாதன் கொழும்பில் நில அளவைக் கந்தோரில் கணிப்பாளராக இருந்தவர். அங்கே கைபிடியைச் சுற்றும் கணக்கு மெசின் ஒன்று இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் அதில் இந்தக் கணக்கைத் தொடங்கியிருந்தார். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் அவர் வாடகைக்கு இருந்த அறை எரிந்தபோது அந்தக் கொப்பியும் போயிற்று. கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியபோது கையில் மாற்றி உடுக்க ஒரு சாரமும் ஒரு தண்ணீர்ப் போத்தலும் மட்டும் இருந்தன. குருநகர் வீட்டில் ஒரு மாதம் படுத்தே கிடந்தவர், ஒருநாள் எழும்பி, ஒரு புதுக் கொப்பி வாங்கி வந்து, முதல் தாளில் நாலு என்று எழுதினார். மெசின் இல்லை, கைதான். ஒரு வரிக்கு ஒரு பகல் வேண்டும்; திரும்பத் திரும்பப் பார்த்து உறுதியாக்க ஒரு மாதம் வரை போகும். இருபத்து மூன்றாவது வரியில் ஒரு பிழையைக் கண்டு பதினேழுக்குத் திரும்பிப் போனதற்குப் பிறகுதான், இனி ஒவ்வொரு வரியையும் நீர் ஒருக்கால் பாரும் என்று அவளிடம் தந்தார்.

அவளுக்கு அந்த எண்ணின்மேல் கோபம் இருந்தது. பிள்ளைகள் இல்லாத வீட்டில் அது மூன்றாம் ஆளைப்போல இருந்து சாப்பிட்டது. எண்பத்தேழு ஐப்பசியில் குருநகரில் செல் விழத் தொடங்கி, இருட்டுக்கு முன் வெளிக்கிட வேண்டி வந்தபோது, அவள் தையல் மெசினின் தலையைக் கழற்றிச் சாக்கில் கட்டி வைத்தாள். சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டப் போனால் அங்கே அவருடைய கொப்பியும், பெரிய எண்ணின் ஒன்பது மடங்கு வரைக்கும் எழுதிய மட்டையும் ஏற்கனவே கட்டியிருந்தன. "ரெண்டுக்கும் இடம் காணாது," என்று மட்டும் சொன்னார். மெசின் குருநகரிலேயே நின்றுவிட்டது. அவள் அதைப் பிறகு ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை. ஆனால் ஊசியில் நூல் கோக்கும்போதெல்லாம் நினைப்பாள்.

அப்படி வந்து சேர்ந்ததுதான் மானிப்பாயில் மார்க்கண்டரின் வீட்டுப் பின்பக்கத்து இரண்டு அறை. மார்க்கண்டர் அறுபது தாண்டியவர், மனைவியை இழந்தவர், வெங்காயமும் புகையிலையும் செய்கிற கமக்காரர். திருநீறு பூசாமல் முற்றத்தில் இறங்கமாட்டார். வந்த முதல் மாதம் கிணற்றடியில் கடற்கரைச் சனமான இவர்களுக்கென்று ஒரு தனி வாளி இருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை, வாளி மட்டும் அங்கே இருந்தது. இரண்டாம் மாதம் அவரே அதைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டுக்குத் தண்ணீர் வைத்தார். அதற்கும் யாரும் எதுவும் சொல்லவில்லை.

"உவர் என்னத்தைப் பிள்ளை நாள்முழுக்கக் குந்தியிருந்து எழுதுறார்?" என்று அவர் ஒருநாள் கேட்டார்.

அவள் தன்னால் முடிந்தமட்டும் சொன்னாள். எந்த எண்ணாலும் பங்கு போட முடியாத எண். மூன்றால் வகுத்தால் ஒன்று மிஞ்சும். ஐந்தால் வகுத்தாலும் ஒன்று, ஏழாலும் ஒன்று, ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று எல்லாவற்றுக்கும் அதே ஒன்றுதான்.

மார்க்கண்டர் சால்வையை உதறித் தோளில் போட்டார். "என்ரை காணியும் அப்பிடித்தான் பிள்ளை. ஆறு பேர் வழக்குப் போட்டுப் பாத்தாங்கள்," என்றார்.

பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை சுற்றிவளைப்பு நடந்தது. ஒழுங்கை இரண்டு முனையிலும் அக்கரையிலிருந்து வந்த பட்டாளம் நின்றது. வீடு வீடாக வந்தார்கள். அவளுடைய அறையில் ஒரு சூட்கேசையும் ஒரு தலையணையையும் குத்திப் பார்த்துவிட்டுப் போகத்தான் இருந்தார்கள். அப்போது ஒருவன் மேசையில் கிடந்த கொப்பியை எடுத்துப் புரட்டினான். பக்கம் பக்கமாக இலக்கங்கள். ஒரு சொல் இல்லை, ஒரு திகதி இல்லை. அவன் மற்றவனைக் கூப்பிட்டான். மற்றவன் இன்னொருவனைக் கூப்பிட்டான். அடைக்கலநாதன் தனக்குத் தெரிந்த இங்கிலீசில் ஏதோ சொன்னார். முதல் இரண்டு வசனத்தோடு அவரைப் பேச விடவில்லை. செருப்புப் போடவும் விடவில்லை.

ஐந்து நாள். அவள் ஒவ்வொரு காலையும் நெசவுசாலைக் கட்டிடத்தில் இருந்த முகாமின் வாசலுக்குப் போய், மற்றப் பெண்களோடு மதில் நிழலில் நின்று, மத்தியானம் திரும்பினாள். உள்ளே இருக்கிறார் என்று மட்டும் தெரிந்தது. மார்க்கண்டர் ஊர் விதானையாரிடம் போனார், கோயில் தர்மகர்த்தாவிடம் போனார், யாரோ ஒரு ஓய்வுபெற்ற நீதவானிடமும் போனார். எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: அந்தக் கொப்பியில் என்ன இருக்கிறது? அவர் சொல்லி முடிக்க, எல்லோரும் ஒரே மாதிரித்தான் அவரைப் பார்த்தார்கள். "நான் சொல்ல எனக்கே நம்பேலாமல் கிடக்குப் பிள்ளை," என்றார். அந்த ஐந்து நாளும் அவள் அழவில்லை. களைப்பாக இருந்தது. பானையில் சோறு வைத்தால் இருவருக்கென்று கை தானாக அளந்தது. மிஞ்சியதை மார்க்கண்டரின் மாட்டுக்கு வைத்தாள்.

ஆறாம் நாள் வாசலில் நின்றவன் அவளுடைய பெயரைக் கூப்பிட்டான்.

உள்ளே தறிகளை ஒரு பக்கத்தில் ஒதுக்கிவிட்டு ஒரு மேசையும் இரண்டு கதிரைகளும் போட்டிருந்தார்கள். மேசைக்கு அங்கால் இருந்த கப்டனுக்கு முப்பது வயதுக்கு மேல் இராது. கண்கள் சிவந்து, உதடு வெடித்து, அவரும் பல நாளாக நித்திரை இல்லாதவர் போல இருந்தார். அவருக்குப் பக்கத்தில் தமிழ் தெரிந்த ஒரு சிப்பாய் நின்றான். அவனுடைய தமிழ் அவள் அக்கரை வானொலியில் கேட்ட தமிழ்.

"அம்மா, உக்காருங்க. சார் சொல்றாரு, உங்க வீட்டுக்காரர் இது வெறும் கணக்குன்னு சொல்றாராம். நீங்கதான் சரி பார்ப்பீங்களாம். அப்படியா?"

"ஓம்."

"இது கணக்குன்னா, அடுத்த வரி ஒண்ணே ஒண்ணுதானே வரணும்? சார் என்ஜினீயரிங் படிச்சவரு. அவர் சொல்றாரு, நீங்க இங்க உக்காந்து அடுத்த வரியப் போடுங்க. உங்க வீட்டுக்காரர் பின்னாடி ரூம்ல போடுவாரு. ரெண்டும் ஒண்ணா வந்தா கணக்கு. வேற வேறயா வந்தா…" அவன் முடிக்காமல் கப்டனைப் பார்த்தான். பிறகு, "மூணு மணி வரைக்கும் டைம்," என்றான்.

நாற்பதாவது வரியை ஒரு தாளில் பெயர்த்தெழுதி அவள் முன்னால் வைத்தார்கள். வெள்ளைத் தாள் ஒரு கட்டு. ஒரு போல்பொயின்ற் பேனை. அப்போது காலை ஒன்பதரை.

அவள் ஒருநாளும் ஒரு வரியை முழுதாகப் போட்டதில்லை. அவர் போட்டதைப் பார்த்திருக்கிறாள், முடிவில் ஒன்பதைத் தள்ளியிருக்கிறாள். சமைத்துத் தந்ததை உப்புப் பார்ப்பதும் சமைப்பதும் ஒன்றல்ல. பேனையை எடுத்து மூடியைக் கழற்றினாள். பின்னறையில் ஒரு இருமல் கேட்டது. புகையிலைத் தோட்டத்துத் தூசிக்கு மூன்று மாதமாக அவர் இருமுகிற இருமல். அவர் உயிரோடு, இருமுகிற அளவில், சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். அவள் தாளின் தலைப்பில் பெரிய எண்ணை மனப்பாடமாக எழுதி, அதன் ஒன்பது மடங்குகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டாள். பிறகு நாற்பதாவது வரியை எடுத்து, அதன் கீழேயே அதை இன்னொரு தரம் எழுதி, வலது பக்கத்துக் கடைசி இலக்கத்திலிருந்து பெருக்கத் தொடங்கினாள்.

பத்தொன்பது வரிசை. ஒவ்வொன்றும் ஒரு படி இடப்பக்கம் தள்ளி. மணி பதினொன்றானபோது அவள் ஒன்பதாவது வரிசையில் இருந்தாள். சிப்பாய் ஒரு தகரக் குவளையில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். அவள் குடிக்கவில்லை, குடித்தால் வெளியே போகக் கேட்க வேண்டி வரும். பன்னிரண்டு மணிக்குப் பத்தொன்பது வரிசையையும் கூட்டி முப்பத்தேழு இலக்கத்தில் ஒரு விடை வந்தது. இரண்டைக் கழித்தாள். பிறகு வகுத்தல். பெரிய எண்ணின் மடங்குகளில் எது பொருந்தும் என்று பார்த்து, கழித்து, ஒரு இலக்கத்தை இறக்கி, மறுபடி பார்த்து. யேசுவே, சேசுமரியே என்று சொல்ல வேண்டிய வாய் ஐந்தை ஆறாலே முப்பது, கையிலே மூன்று என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஒருகட்டத்தில் பயம்கூட விட்டுப் போயிற்று. பயப்படவும் ஒரு ஓய்வு வேண்டும்.

இரண்டேகாலுக்கு மீதி வந்தது. பத்தொன்பது இலக்கம். ஒன்பதைத் தள்ளினாள், பொருந்தியது. பதினொன்றால் பார்த்தாள், பொருந்தவில்லை. ஒன்பது பொருந்திப் பதினொன்று பொருந்தாவிட்டால் பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறியிருக்கக் கூடும் என்று அவர் எப்போதோ சொன்னது நினைவு வந்தது. கூட்டிய விடையை வகுத்தலுக்குப் பெயர்த்தெழுதிய இடத்தைத் தேடினாள். இருந்தது. நாற்பத்தெட்டை எண்பத்து நாலாக எழுதியிருந்தாள். அதற்குக் கீழே இருந்த கடைசி ஐந்து படிகளையும் வெட்டிவிட்டுத் திரும்பப் போட்டாள். மூன்றுக்கு ஐந்து நிமிசம் இருக்க, இரண்டும் பொருந்தின.

கப்டன் இரண்டு தாள்களையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஒரு பென்சிலின் முனையால் இலக்கம் இலக்கமாகத் தொட்டுக்கொண்டு போனார். பத்து இலக்கம் போனது. பதினொன்றில் பென்சில் நின்றது. பிறகு கடைசி வரைக்கும் போய், மறுபடி பதினொன்றுக்குத் திரும்பி வந்தது.

"ஒரே ஒரு நம்பர் வேற," என்றான் சிப்பாய் மெதுவாக. "உங்களுக்கு எட்டு. அவருக்கு ரெண்டு."

அப்போது அடைக்கலநாதனைக் கூட்டிவந்தார்கள். தாடி வளர்ந்திருந்தது. வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தார். அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார், சுகமோ என்று கேட்பதுபோல. அவள் அவருடைய கையைப் பார்த்தாள். பிறகு கப்டனைப் பார்த்து, "அவர் போட்ட தாள் எல்லாத்தையும் எனக்குக் காட்டுங்கோ," என்றாள்.

சிப்பாய் சொன்னான். கப்டன் தாள்களை அவள் பக்கம் தள்ளினார்.

அது அவருடைய எழுத்தே இல்லை. அச்சடித்ததுபோல் எழுதுகிறவர். இதில் மூன்றுகள் சரிந்து கிடந்தன, பூச்சியங்கள் மூடவில்லை, ஒவ்வொரு இலக்கத்துக்கும் பேனை இரண்டு மூன்று தரம் தாளைத் தேடியிருந்தது. பதினாலாவது வரிசைக்குப் பிறகு எழுத்து இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அங்கிருந்து அவர் இடது கையால் எழுதியிருக்கிறார் என்று அவளுக்கு விளங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வரிசை வரிசையாக ஒன்பதைத் தள்ளினாள். ஒவ்வொரு வரிசையும் சரி. கூட்டிய விடைதான் ஆறு குறைந்தது. நிரல் நிரலாகக் கீழே இறங்கிப் பார்த்தாள். ஒரு நிரலில் எட்டாவது வரிசையில் ஒரு ஏழு இருந்தது. தலைக்கோடு சரியாக விழாத ஏழு. அதை அவரே ஒன்று என்று வாசித்துக் கூட்டியிருந்தார்.

"இவர் இதிலை பிழை விட்டிட்டார்," என்றாள்.

இருபது வருடத்தில் அவருக்கு முன்னால் அவள் அப்படிச் சொன்னதில்லை. சொல்லும்போதும் அவரைப் பார்க்கவில்லை. பேனையை எடுத்து ஏழுக்குத் தலைக்கோடு போட்டாள். நிரலை மறுபடி கூட்டினாள். இரண்டாக இருந்தது எட்டானது. அந்த எட்டு வகுத்தலின் படிகளில் இறங்கி வருவதைக் கப்டனுக்குக் காட்டிக்கொண்டே கீழே வந்தாள். கடைசியில் பதினோராவது இடத்தில் எட்டு நின்றது. கப்டன் எழும்பி அவளுடைய தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சீருடையில் வேர்வையும் துவக்கு எண்ணெயும் மணத்தன.

பிறகு கப்டன் ஏதோ கேட்டார்.

"சார் கேக்கறாரு, இந்த எண் பத்தி நூறு வருஷத்துக்கு முன்னாடியே ரஷ்யாவுல ஒரு பாதிரியார் கண்டுபிடிச்சிட்டாராமே. வகுபடாதுன்னு புஸ்தகத்துலயே இருக்காம். உங்க வீட்டுக்காரரே சொன்னாராம். அப்புறம் எதுக்கு மறுபடி இவ்வளவு கஷ்டப்பட்டுப் பண்றீங்க?"

அதை அவளும் பலதரம் தனக்குள் கேட்டிருக்கிறாள், தையல் மெசினை நினைக்கும்போதெல்லாம். அவரிடம் கேட்டதில்லை. இப்போது வாய் தானாகச் சொன்னது.

"விடை தெரிஞ்ச கணக்கெண்டபடியாத்தான் ஐயா. மற்ற எதைச் செய்தாலும், செய்தது சரியோ பிழையோ எண்டு ஆர் எங்களுக்குச் சொல்லுறது? வெளிக்கிட்டது சரியோ, நிண்டிருந்தால் சரியோ, ஒண்டும் தெரியாது. இதிலை கடைசியிலை பூச்சியம் வந்தால் துவக்கத்திலையிருந்து ஒரு இடத்திலையும் பிழைக்கேல்லை எண்டு தெரியும். அவ்வளவுதான்."

சிப்பாய் அதை எப்படி மொழிபெயர்த்தானோ, நேரம் எடுத்தது. கப்டன் அவளைப் பார்க்கவில்லை. ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். கொப்பி மேலிடத்துக்குப் போக வேண்டும், அது திரும்ப வராது என்றான் சிப்பாய். அன்றைக்கு எழுதிய தாள்களையும் கொப்பிக்குள் வைத்து நாடாவால் கட்டினார்கள். ஆளைக் கூட்டிக்கொண்டு போகலாம்.

கட்டுவதற்கு முன், தன்னுடைய தாளின் கடைசி வரியை அவள் இரண்டு தரம் வாசித்தாள்.

வெளியே மார்க்கண்டர் சைக்கிளோடு நின்றார். அடைக்கலநாதனைக் கரியரில் இருத்தி, தான் கைபிடியைப் பிடித்து உருட்டிக்கொண்டு நடந்தார். அருமைநாயகி பக்கத்தில் நடந்தாள். "என்ன கேட்டவங்கள் பிள்ளை?" என்றார். அவள் பதில் சொல்லவில்லை. "சாப்பிட ஏதும் தந்தவங்களோ?" அவள் தலையை மட்டும் ஆட்டினாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. செபம் சொல்லுகிறாளாக்கும் என்று மார்க்கண்டர் பேச்சை விட்டார். அவளும் கழுத்திலிருந்த செபமாலையைத்தான் பிடித்திருந்தாள். ஒரு மணிக்கு ஓர் இலக்கம். பத்தொன்பது மணி போய், திரும்பவும் முதல் மணிக்கு வந்து, திரும்பவும் போய். வீட்டுக்கு வந்ததும் புருசனுக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு முதல் கலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதினாள்.

அடைக்கலநாதனின் வலது கையில் நடுவிலுள்ள இரண்டு விரல்களும் மடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் தட்டு வைத்துக் கட்டிவிட்டார்கள். அவர் கட்டிலில் சுவர்ப்பக்கம் பார்த்துப் படுத்திருந்தார். கொப்பியைப் பற்றிக் கேட்கவில்லை; அங்கே நடந்ததைப் பற்றிச் சொல்லவும் இல்லை. ஒரு கிழமை பொறுத்து அவள் கலண்டர் தாளை அவருடைய நெஞ்சின்மேல் வைத்தாள்.

"என்ன இது?"

"நாப்பத்தோராம் வரி. முதல் நாப்பதும் இனித் தேவையில்லைத்தானே. இதிலையிருந்து போகலாம்."

அவர் தாளை இடது கையால் தூக்கிப் பிடித்து நேரம் எடுத்துப் பார்த்தார். "இதிலை ஒரு இலக்கம் நீர் மாறி நினைவிலை வைச்சிருந்தால்?"

"ஒன்பதுக்கும் பதினொண்டுக்கும் பாத்தனான். பொருந்துது."

"நினைவிலை வைச்ச இலக்கத்துக்கு நினைவிலை வைச்ச மிச்சம்," என்றார். "அதை வைச்சு என்ன செய்யிறது?"

"பிழையெண்டால் ஐம்பத்தொன்பதிலை பூச்சியம் வராது."

"வராட்டி?"

"வராட்டி வராது."

அவர் தாளைத் திருப்பித் தந்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் இனிச் செய்யமாட்டன், நாயகி. ஏழையும் ஒண்டையும் பிரிச்சுப் பாக்கத் தெரியாதவன். நீர் அந்த ஆளுக்குச் சொன்னது சரிதான்."

அவள் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். உங்கடை கை பிழைச்சதேயொழிய நீங்கள் பிழைக்கேல்லை என்றோ, ஆளைக் கூட்டிவர வேறு வழி எனக்கிருக்கவில்லை என்றோ. அப்படிச் சொல்லி ஆற்றுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும். அவள் விறாந்தை மேசைக்குப் போய், மார்க்கண்டர் தந்த பழைய பற்றுவரவுக் கொப்பியொன்றின் எழுதாத பக்கத்தில் அந்த வரியைப் பெயர்த்தெழுதினாள். அதன் கீழே அதையே இன்னொரு தரம் எழுதினாள்.

சித்திரை போனது, வைகாசி போனது. ஒரு வரிக்கு அவளுக்கு இரண்டு மூன்று கிழமை எடுத்தது. வீட்டு வேலைக்கு நடுவில் அவ்வளவுதான் முடியும். ஊரடங்கு நாளென்றால் கொஞ்சம் கூடுதலாக முடியும். அவர் எழும்பினார், நடந்தார், மார்க்கண்டரோடு வெங்காயம் காயப்போடப் போனார், இடது கையால் சாப்பிடப் பழகினார். மேசைப் பக்கம் வரவில்லை. சரியோ என்று கேட்கவுமில்லை. ஆவணியில் அவள் நாற்பத்தேழாவது வரியில் ஒரு பிழை கண்டு நாற்பத்தைந்துக்குத் திரும்பிப் போனாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. சில நாள் அவளுக்கு எதற்கென்றே தெரியாது. கிணற்றில் தண்ணீர் அள்ளுவதற்குக் காரணம் தேடுகிறதில்லை, அதுபோல மேசைக்குப் போனாள்.

கார்த்திகை மாதம், ஒழுங்கையெல்லாம் முழங்காலளவு சேறு. ஒரு காலை மறுபடி வந்தார்கள். இது வேறு ஆட்கள். தமிழ் தெரிந்தவன் ஒருவனும் இல்லை. அவள் முந்தின நாள் எழுதி முடித்த ஐம்பத்திரண்டாவது வரியை மேசையில் விரித்து, அடுத்ததைத் தொடங்கப் பேனையைக் கையில் எடுத்திருந்தாள். கட்டிலில் அடைக்கலநாதன் எழும்பாமல் கண்ணை மூடிக் கிடந்தார். அவருடைய நெஞ்சு ஏறி இறங்குவது அவளுக்குத் தெரிந்தது. மழைக்கோட்டில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒருவன் மேசைக்கு வந்தான். கொப்பியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவள் எழும்பி நின்றாள். அவன் பெருவிரலைத் தாளில் ஊன்றி ஒரு பக்கத்தைப் புரட்டினான், இன்னொன்றைப் புரட்டினான். வெளியே யாரோ விசிலடித்தார்கள். அவன் கொப்பியை அப்படியே விரித்தபடி விட்டுவிட்டுப் போனான்.

அவள் கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் பார்த்தாள். ஐம்பத்திரண்டாவது வரியின் நடுவில், மூன்று இலக்கங்களின்மேல், செம்மண் சேற்றில் ஒரு பெருவிரல் அடையாளம் தடிப்பாகப் படிந்திருந்தது. துடைத்தால் மையும் சேர்ந்து இழுபடும்.

"மூண்டு, பூச்சியம், எட்டு," என்றார் அடைக்கலநாதன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் கண்ணைத் திறக்கவில்லை. அவள் கிணற்றடிக்கும் சந்தைக்கும் போன நேரங்களில் எத்தனை நாளாக அவர் அந்த மேசைக்கு வந்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரியாது. பேனையை மூடி வைத்தாள். மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. அவள் கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, கொப்பியை யன்னல் வெளிச்சத்தின் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு இருந்தாள். ஓரத்திலிருந்து சேறு காயத் தொடங்கியது. முதலில் விளிம்பு வெளுத்தது. பிறகு யாரோ ஒருவனுடைய பெருவிரலின் ரேகைகள் ஒவ்வொன்றாகத் தெரிய வந்தன. அவற்றுக்கு நடுவில் அங்கங்கே நீல மை.